வயர் இல்லாமல் விற்ற கம்ப்யூட்டர்

ஊருக்குப் பக்கத்து அன்னவாசலில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை இல்லாமல் இல்லை. பஸ்ஸை விட்டு இறங்கினால் எதிரே ஒன்று, நாலு கடை தள்ளி இன்னொன்று. இருந்தும் அழகுமலை அந்தப் பெட்டியைப் பழைய வேட்டியில் மூட்டையாகக் கட்டி, மடியில் தூக்கி வைத்துக்கொண்டு புதுக்கோட்டை பஸ்ஸில் உட்கார்ந்துவிட்டார். கேட்டவர்களிடம், "இங்கிட்டு உள்ள பயலுவள நம்ப முடியாது. உள்ள கெடக்குறதை உருவிட்டு வெறுந்தகரத்தைக் குடுத்துருவான்" என்று சொன்னார்.

அறுபத்தொன்பது வயதில் அவர் நம்பிய ஆள் யார் என்று எண்ண ஆரம்பித்தால் ஒரு விரல்கூட மடங்காது. பெண்டாட்டி ராக்காயியையே நம்பாமல்தான் நாற்பது வருஷம் குடும்பம் நடத்தினார். அவள் செத்துப் பதினோரு மாதம் ஆகிறது.

கண்டக்டர் மூட்டையைத் தட்டிப் பார்த்தான்.

"பெருசு, உள்ள என்ன? ஆட்டுக்குட்டியா?"

"கம்ப்யூட்டரு."

"அப்ப லக்கேஜ் போடணும்."

"மடியிலதானய்யா வச்சிருக்கேன். ஒன் பஸ்ஸுல எந்த எடத்தை அடைச்சுச்சு?"

"புள்ளைய மடியில வச்சாலும் அஞ்சு வயசுக்கு மேல டிக்கெட்டு உண்டு. இதுக்கு என்ன வயசு?"

"ஒம்போது."

பஸ்ஸே சிரித்தது. அழகுமலை சிரிக்கவில்லை. அவர் கணக்காகத்தான் சொன்னார். மகள் திலகவதி காலேஜில் சேர்ந்த வருஷம் வாங்கிய பெட்டி அது. கண்டக்டர் அதற்கு மேல் வாய் கொடுக்காமல் போய்விட்டான்.

பெட்டியை விற்பது அவராக எடுத்த முடிவில்லை. பக்கத்துத் தெரு சந்தனம் ஒருநாள் வாசலில் வந்து நின்று, "திலகா பெட்டி சும்மாதானே கெடக்கு பெரியப்பா? எங்க இலக்கியாவுக்குக் காலேஜு வேலைக்கு வேணும். ஒரு வெலையைச் சொல்லிக் குடுங்க" என்றான். வேறு சமயமாக இருந்தால், என் வீட்டில் என்ன கிடக்கிறது என்று எட்டிப் பார்க்க நீ யார் என்று கேட்டிருப்பார். அன்றைக்கு என்னவோ, "குடுக்கலாம். ஆனா அது அவ சாமான். அவளை ஒரு வார்த்தை கேக்கணும்" என்று வாயில் வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் அவருக்கே திக்கென்றது. மகளோடு பேசி அஞ்சு வருஷம் ஆகிறது.

நடந்தது இதுதான். படிப்பை முடித்துவிட்டுத் திலகவதி அரசாங்கப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். விடிய விடிய அந்தப் பெட்டி முன்னால்தான் உட்கார்ந்திருப்பாள். எவனோடோ பேசுகிறாள் என்று இவருக்கு ஒரு சந்தேகம். யாரும் சொல்லவில்லை, எதையும் பார்க்கவில்லை. அவராக நினைத்துக்கொண்டார். ஒருநாள் பெட்டி இருந்த அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். "அப்பா, அப்ளிகேசன் போடணும். எல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு. கடைசித் தேதி வருது" என்று அவள் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டாள். பொய் சொல்கிறாள் என்று நினைத்தார். நாலு நாள் பூட்டி வைத்தார். வீட்டை விட்டு இறங்கவும் விடவில்லை. அஞ்சாம் நாள் அவராகவே திறந்து விட்டார். அவள் உள்ளே போகவே இல்லை. கடைசித் தேதி முந்தின நாளே முடிந்திருந்தது.

அந்த வாரமே திருச்சிக்கு வேலைக்குப் போனவள் திரும்பவில்லை. அங்கே சார்லஸ் என்ற பையனைக் கட்டிக்கொண்டாள். ஆவூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். கல்யாணத்துக்கு ராக்காயி மட்டும், சமயபுரம் போகிறேன் என்று புருஷனிடம் பொய் சொல்லிவிட்டுப் போய் வந்தாள். ராக்காயி செத்த அன்று திலகவதி வந்தாள். தலைமாட்டில் உட்கார்ந்து அழுதாள். பாடையைத் தூக்கியதும் போய்விட்டாள். அப்பன் முகத்தை ஏறிட்டும் பார்க்கவில்லை. இப்போது புதுக்கோட்டையை ஒட்டிய திருக்கோகர்ணத்தில்தான் குடியிருக்கிறார்களாம். கோயிலுக்குப் பின்னால் ஏதோ ஒரு தெரு. பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறாளாம்.

அன்னவாசல் கடைகளை நம்பாத அழகுமலை திருக்கோகர்ணத்துக் கடையைத் தேடிப் போன காரணம் அதுதான். அதை அவர் தனக்குக்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை.

கடைக்காரர் பெயர் ஆரோக்கியதாஸ். ஐம்பது வயசு இருக்கும். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு மூட்டையை அவிழ்த்தார். பக்கத்துத் தகரத்தைக் கழற்றியதும், "அடேயப்பா, அரைப்படி மண்ணு இருக்கே" என்றார். உள்ளே இரண்டு பல்லி முட்டை. பிளோயரை வைத்து ஊதியதில் புழுதி கிளம்பித் தெருவில் போனவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். பச்சைப் பட்டை ஒன்றை உருவி, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் ரப்பரால் அதன் ஓரத்தைத் தேய்த்தார். அழகுமலை ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒரு முழத் தூரத்தில் உட்கார்ந்தார்.

"அதை எதுக்கு உருவுனே?"

"தொடச்சு மறுபடி அதுலயேதான் மாட்டப் போறேன் பெரியவரே."

"மாட்டு. பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

ஆரோக்கியதாஸ் தன்னுடைய திரையில் அதை மாட்டி ஓட விட்டார். திரை நீலமாகி ஒரு கட்டத்தோடு நின்றது.

"பாஸ்வேர்டு கேக்குது."

இதை எதிர்பார்த்தே வந்த அழகுமலைக்கு முதுகு நிமிர்ந்தது. "எனக்குத் தெரியாது. என் மகளுக்குத்தான் தெரியும். அவளைத்தான் கேக்கணும்."

"தேவையில்ல. விக்கத்தானே போறீங்க? ஃபார்மேட் போட்டுட்டா எல்லாம் அழிஞ்சுரும். வாங்குறவங்க புதுசா ஒண்ணு வச்சுக்கிருவாங்க."

"பாஸ்வேர்டு இல்லாம எப்புடி அழியும்?"

"அழியும்."

"அதெப்புடி? பூட்டைத் தொறக்காம வீட்டை ஒழிப்பியா?"

"இது வீட்டையே இடிச்சுட்டு மறுபடி கட்டுற மாதிரி. சாவி எதுக்கு?"

நாலு நாளாக அவர் மனசில் கட்டி வைத்திருந்த பேச்சு அத்தனையும் அந்தப் பாஸ்வேர்டில்தான் நின்றது. அதைக் கேட்டுத்தான் மகளைக் கூப்பிட வேண்டும். வேறு எதைச் சொல்லிக் கூப்பிடுவது? இந்த ஆள் ஒரே வாக்கில் அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டார்.

"அதெல்லாம் முடியாது. கேக்காம அழிக்கக் கூடாது. உள்ள என்ன கெடக்கோ? நீ எடுத்து வச்சுக்கிட்டா நான் என்ன பண்றது?"

"ஒங்க வீட்டுப் போட்டோவை வச்சு நான் என்ன செய்யப் போறேன்? கடையில மாட்டி மாலை போடவா?" என்று சிரித்த ஆரோக்கியதாஸ், கிழவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். "சரி, கேட்டுட்டே சொல்லுங்க. எனக்கென்ன?"

அழகுமலையிடம் இருந்தது ராக்காயியின் பட்டன் போன். அவருடையது கிணற்றில் விழுந்த பிறகு அதைத்தான் வைத்திருக்கிறார். இரண்டாம் நம்பர் பட்டனை அமுக்கிப் பிடித்தால் திலகவதிக்குப் போகும் என்பது தெரியும். பதினோரு மாதமாக அந்த இரண்டின் மேல் விரலை வைத்து வைத்து எடுத்திருக்கிறார். இன்றைக்கு அமுக்கிவிட்டார்.

ஒரு மணிகூட முழுசாக அடிக்கவில்லை, எடுத்துவிட்டாள். மூச்சு மட்டும் கேட்டது.

"நாந்தான்" என்றார்.

"இந்த நம்பர்ல இருந்து கூப்புடாதீங்க. 'அம்மா'ன்னு வருது."

அழகுமலை இதை நினைத்துப் பார்க்கவே இல்லை. "எங்கிட்ட வேற போன் இல்லத்தா."

"என்ன விசயம்?"

"கம்ப்யூட்டரைச் சந்தனம் கேட்டான். குடுக்கலாம்னு இருக்கேன். பாஸ்வேர்டு வேணுமாம்."

"ஃபார்மேட் போடச் சொல்லுங்க. பாஸ்வேர்டு வேண்டியதில்ல."

அவளுக்கும் அது தெரிந்திருக்கிறது. "உள்ள ஒன்னோடது ஏதாச்சும் இருந்தா..."

"ஒண்ணும் வேணாம். எல்லாத்தையும் அழிக்கச் சொல்லுங்க."

"நான் இங்கிட்டுத் திருக்கோகர்ணத்துலதான் இருக்கேன். கடை வந்து..."

வைத்துவிட்டாள். அவர் போனைக் காதிலிருந்து எடுக்காமல் இன்னும் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். கடைக்காரர் பார்க்கிறாரே என்று, "சரி, சரி, சொல்றேன்" என்று வெறும் போனுக்குச் சொல்லிவிட்டுப் பைக்குள் வைத்தார்.

"அழிச்சுரு" என்றார்.

அழிந்து முடிந்து புதுசாக ஏற்றுவதற்கு மூணு மணி நேரம் ஆயிற்று. ஆரோக்கியதாஸ் வாங்கிக் கொடுத்த டீ ஆடை கட்டிக் கிடந்தது. வேலையைப் பாதிதான் பார்த்தார் அழகுமலை. மீதி நேரம் தெருவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சேலை கட்டிப் போன பெண்களும் சுடிதார் போட்டுப் போன பெண்களும் அத்தனை பேரும் அவர் மகளாக இல்லை. கோயிலுக்குப் பின்னால் உள்ள தெருவுக்கு நடந்தால் பத்து நிமிஷம் பிடிக்காது. மூட்டையைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினார்.

வீட்டுக்கு வந்ததும் ஈரத் துணியை எடுத்துப் பெட்டியையும் திரையையும் துடைத்தார். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஆயுத பூஜைக்கு ராக்காயி வைத்த சந்தனப் பொட்டு மூலையில் காய்ந்து கிடந்தது. குங்குமம் வந்துவிட்டது. சந்தனக் கறை வரவில்லை. நகத்தால் சுரண்டினார். அப்புறம் பின்பக்கம் குனிந்து, திரையிலும் பிளக்கிலும் தொங்கிய வயர்களை ஒவ்வொன்றாக உருவினார். கரண்டு வயர் இரண்டு, திரைக்குப் போகிற நீல முனை வயர் ஒன்று. மூன்றையும் சுருட்டிக் கட்டி, கொல்லைத் தொழுவத்தில் பழைய கயிறுகள் தொங்குகிற ஆணியில் மாட்டினார்.

இதற்கு யோசனை ஒன்றும் தேவைப்படவில்லை. நாற்பது வருஷமாக மாடு விற்கிற மனுஷர். விற்கிறவன் மாட்டைக் கொடுப்பான், கயிற்றைக் கொடுக்க மாட்டான். வாங்குகிறவன்தான் புதுக்கயிறு கொண்டுவந்து மாற்றிப் பிடித்துப் போக வேண்டும். பழைய கயிறு தொழுவத்திலேயே இருந்தால்தான் அடுத்த மாடு வரும், தொழுவம் வெறிச்சுப் போகாது. கீ போர்டுக்கும் மவுசுக்கும் இருந்த வயர் மட்டும் உடம்போடு ஒட்டியிருந்தது. அது வால் மாதிரி, சேர்ந்து போக வேண்டியதுதான் என்று விட்டுவிட்டார்.

வெள்ளிக்கிழமை கொடுக்க மாட்டேன் என்று சொல்லிச் சனிக்கிழமை காலையில் கொடுத்தார். சந்தனம் சாமான்களைச் சாக்கில் சுற்றி எக்செல் வண்டியில் வைத்துக் கட்டிக்கொண்டு போனான். முக்கால் மணி நேரத்தில் திரும்ப வந்துவிட்டான்.

"பெரியப்பா, வயர் எங்க?"

"தொழுவத்துல மாட்டியிருக்கேன்."

"குடுக்க மறந்துட்டீங்களா?"

"மறக்கல. வயர் தர்றதில்ல."

"என்னது?"

"ஏன்டா, நீ மாடு வாங்குனதே இல்லையா? எவன் வீட்டுலயாச்சும் கயித்தோட பிடிச்சுட்டு வந்திருக்கியா?"

"இது மாடா பெரியப்பா? பாலா கறக்கும்?"

"ஒன் மக காலேஜுக்கு ஒழைக்கப் போகுதுல்ல? வீட்டுல நின்ன சாமான். கயிறு தர மாட்டேன். புதுசு வாங்கிக்க."

"கரண்டு வயர் இல்லாம நான் என்ன வைக்கோலு போட்டா அதை எழுப்புறது?" என்று கத்தினான் சந்தனம். "ஒங்ககிட்ட வந்தேன் பாருங்க, என்னையச் சொல்லணும்" என்று வண்டியை உதைத்துக்கொண்டு போனான். அழகுமலைக்குக் கோபமெல்லாம் இல்லை. விவரம் கெட்ட பயல் என்று நினைத்துக்கொண்டார்.

பன்னிரண்டு மணி இருக்கும். பழைய சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. சாதாரணமாக அதில் வருவது கம்பெனிக்காரன் பேச்சுதான். எடுத்தால் சிரிப்புச் சத்தம். யாரோ தப்பாகப் போட்டுவிட்டார்கள் என்று வைக்கப் போனார்.

"அப்பா, கயித்தை எடுத்து வச்சுக்கிட்டீங்களாமே?"

திலகவதி. சோற்றுக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"யாரு சொன்னா?"

"இலக்கியாதான். பத்தாவதுல ஊர்ல வச்சு எங்கிட்டத்தானே டியூஷன் படிச்சா? 'அத்தை, தாத்தா வயரைத் தொழுவத்துல மாட்டி வச்சுருக்காரு, நீங்க சொன்னாத்தான் தருவாரு'ங்குறா." மறுபடி சிரித்தாள். வீட்டை விட்டுப் போவதற்கு முன்னாலேயே அந்தச் சிரிப்பு நின்றுபோயிருந்தது.

"மொறைன்னு ஒண்ணு இருக்குல்ல?" என்றார் அழகுமலை. "கயித்தைக் குடுத்தா தொழுவம் வெறிச்சுப் போயிரும்."

"இப்ப எத்தனை மாடு நிக்குது?"

"ஒண்ணுமில்ல. தையிலயே செவலையக் குடுத்துட்டேன். அங்க இங்க ஓட முடியல."

சிரிப்பு நின்றுவிட்டது. "அப்ப பாலு?"

"பாக்கெட்டு."

"நீங்க பாக்கெட்டுப் பாலா குடிக்கிறீங்க?"

"குடிக்கத்தானே வேணும்."

அங்கே ஏதோ பிள்ளை ஒன்று வாய்ப்பாட்டை ஒப்பிக்கிற சத்தம் கேட்டது. அதை அதட்டிவிட்டுத் திரும்ப வந்தாள். குரல் இறங்கியிருந்தது.

"வயரைக் குடுத்துருங்கப்பா. ஸ்காலர்சிப்புக்கு அப்ளிகேசன் போடணுமாம் அவ. சர்டிபிகேட் எல்லாம் சின்னதாக்கி ஏத்தணும், போன்ல நிக்க மாட்டேங்குதாம். இன்னைக்கு அஞ்சு மணிக்குக் கடைசி."

அழகுமலை தொழுவத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"நானே கொண்டு போறேன்" என்றார்.

அதோடு அவள் போனை வைத்துவிட்டாள்.

சோற்றை அப்படியே மூடிவிட்டுக் கையைக் கழுவினார். தொழுவத்து ஆணியிலிருந்து வயர்களை எடுத்தார். வாழ்நாளில் கயிற்றைக் கழற்றி அடுத்தவன் வீட்டுக்குக் கொண்டுபோனது அன்றுதான். சித்திரை வெயிலில் தார் ரோடு கொதித்தது. தெரு சுற்றிப் போனால் நேரமாகும் என்று இரண்டு தெருவுக்கும் நடுவிலிருந்த கருவைக் காட்டுக்குள் குறுக்கே விழுந்து நடந்தார்.

சந்தனம் இல்லை. புது வயர் வாங்க அன்னவாசல் போயிருந்தான். இலக்கியா வாங்கி மாட்டினாள். பெட்டி உறுமிக்கொண்டு எழுந்தது.

"உக்காருங்க தாத்தா. மோர் கொண்டாரேன்."

"மோரும் வேணாம், ஒண்ணும் வேணாம். நீ வேலையைப் பாரு."

நாற்காலியைப் போட்டு அவள் பின்னாலேயே உட்கார்ந்துவிட்டார். அந்தப் பிள்ளைக்கு கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. போனிலிருந்து ஒவ்வொன்றாக இறக்கினாள், சுருக்கினாள், ஏற்றினாள். ஒன்றை ஏற்றினால் வெப்சைட் இன்னொன்றைத் திருப்பி அனுப்பியது. மூன்று மணி ஆயிற்று. மூன்றரை ஆயிற்று. புது வயரோடு வந்த சந்தனம் கிழவரைப் பார்த்துவிட்டு உள்ளே போனான்.

"என்ன நிக்குது?" என்றார்.

"ஓடிபி வரல தாத்தா."

"அவன் எங்கேருந்து வரணும்?"

"ஆள் இல்ல தாத்தா, நம்பரு. போனுக்கு வரும்."

"வரலைன்னா?"

"வரும்."

அழகுமலைக்கு அந்தப் போனை நம்ப முடியவில்லை. எழுந்து போய் அதைக் கையில் எடுத்து வாசலில் நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். சிக்னல் இருந்தால் வரட்டும் என்று. நாலு மணிக்கு வந்தது. இலக்கியா அடித்தாள். திரையில் பச்சையாக ஒரு குறி விழுந்தது.

"போயிருச்சா?"

"போயிருச்சு தாத்தா."

"திருப்பி அனுப்பிட மாட்டானே?"

"மாட்டாங்க. நம்பர் குடுத்துட்டாங்க பாருங்க."

எழுத்துக் கூட்டி முழு நம்பரையும் படித்தார். இன்னும் ஒரு மணி நேரம் மிச்சம் இருந்தது. பையில் கைவிட்டு ராக்காயியின் போனை எடுத்தார். இரண்டின் மேல் விரலை வைத்தவர், எடுத்துவிட்டார்.

"சந்தனம், ஒன் போனைக் குடு. திலகா நம்பரைப் போட்டு."

வாசலைத் தாண்டி வேப்பமரத்துக்கு வந்துதான் பேசினார்.

"யாரு, சந்தனம் அண்ணனா?"

"நாந்தான். அந்தப் புள்ளது போயிருச்சு. நாலு மணிக்கே."

"சரிப்பா."

வைத்துவிடுவாள் என்று தெரிந்தது. அழகுமலைக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. "ஒன்னோடது போகாமப் போனது என்னாலதான்" என்றார்.

வைத்துவிட்டாளோ என்று போனை எடுத்துப் பார்த்தார். நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. மறுபடி காதில் வைத்தார்.

"தெரியும்பா" என்றாள் திலகவதி.

அவ்வளவுதான். நொடிகள் நின்றுவிட்டன.

சந்தனம் வாசலில் நின்றான். "என்ன பெரியப்பா சொல்லுது?" என்று போனைக் கை நீட்டி வாங்கினான்.

"தெரியுமாம்" என்று சொல்லிவிட்டு, அழகுமலை செருப்பை மாட்டிக்கொண்டு ரோட்டில் இறங்கினார்.